ஆறு மணிக்கு லேபைப் பூட்டினால் நாங்கள் எப்போது படிப்பது?

மதிப்பிற்குரிய இணையவழிக் கல்வி இயக்குநர் அவர்களுக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கும்,

உங்கள் எம்.எஸ்ஸி. சைபர் செக்யூரிட்டி இணையவழிப் படிப்பில் நான்காம் பருவ மாணவி நான். பருவம் தொடங்கிய மறுநாள் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் இரண்டு முடிவுகள் இருந்தன. விர்ச்சுவல் லேப், அதாவது நாங்கள் இணையம் வழியாக நுழைந்து பயிற்சி செய்யும் கணினிக்கூடம், இனி திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரைதான் திறந்திருக்கும் என்பது ஒன்று. செய்முறைத் தேர்வுக்கு எல்லோரும் சென்னை வளாகத்துக்கு நேரில் வரவேண்டும், புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் இருக்கவேண்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் சொல்லி மூன்று முறை மின்னஞ்சல் எழுதினேன். மூன்று முறையும் ஒரு புகார் எண் வந்தது. இரண்டு நாள் கழித்து, 'தங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது' என்று இன்னொரு அஞ்சல் வந்தது. எதுவும் தீரவில்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

எனக்கு ஊர் வீரவநல்லூர். வேலை பாளையங்கோட்டையில், ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில். காலையில் செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் ரயிலில் ஏறி, சேரன்மகாதேவி, பேட்டை, டவுன் தாண்டி திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, அங்கிருந்து பஸ். உங்கள் பாடங்களை நான் கேட்பது அந்த ரயிலில்தான். வயல்வெளி வந்தால் சிக்னல் போய்விடும் என்பதால் முந்தின இரவே போனில் இறக்கி வைத்துக்கொள்வேன். சாயங்காலம் வேலை முடிய ஆறரை ஆகும். வீடு சேரும்போது எட்டரை. சமையல், மகளின் வீட்டுப்பாடம், மாமியாருக்கு மாத்திரை, எல்லாம் முடிந்து லேப்டாப்பைத் திறக்கும்போது மணி பத்து. பத்திலிருந்து ஒரு மணி வரை மூன்று மணி நேரம். மூன்று பருவமாக நான் இந்தப் படிப்பைப் படித்தது அந்த மூன்று மணி நேரத்தில்தான். சேரும்போது நீங்கள் தந்த கையேட்டின் முதல் பக்கத்திலேயே, 'பணியில் இருப்போர் தங்கள் இடத்திலிருந்து, தங்கள் நேரத்தில் படிக்கலாம்' என்று இருக்கிறது. அதை நம்பித்தான் இரண்டு வளையலை அடகு வைத்து முதல் பருவக் கட்டணம் கட்டினேன்.

"ஏட்டி, விடிய விடிய அந்தப் பொட்டிக்குள்ள என்னதான் தேடுத?" என்று அம்மா கேட்பாள். தேடத்தான் செய்தேன். இரண்டாம் பருவத்தில் ஒரு நாள் இரவு, கணினி வலையில் ஓடுவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் ஆயிரக்கணக்கான பேக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கணினி மட்டும் அறுபது வினாடிக்கு ஒரு முறை, ஒரே அளவில், வெளியே எங்கேயோ பேசிக்கொண்டிருந்தது. உள்ளே புகுந்த தீநிரல், அதாவது கேடு செய்ய எழுதப்பட்ட நிரல், தன் எஜமானனிடம் 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்லும் துடிப்பு அது. பாடக்குறிப்பில் அதைப் பற்றி இரண்டு பக்கம் உண்டு. மூன்று முறை படித்தும் மனதில் தங்கவில்லை. அந்த இடைவெளியைக் கண்ணால் எண்ணிப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அடுத்த மாதம் மருத்துவமனையின் வலைக்குக் காவலாக இருக்கும் ஃபயர்வாலின் லாக்கை, அதாவது அதன் பதிவேட்டை, புரட்டியபோது, பில் போடும் கவுண்டரில் இருந்த ஒரு கணினி அதே மாதிரி ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்ததை நானே கண்டேன். வலையிலிருந்து பிரித்தோம், துடைத்தோம், வேறெதற்கும் பரவவில்லை. எனக்கு அந்தக் கண்ணைத் தந்தது உங்கள் லேப். நன்றியோடுதான் சொல்கிறேன். அதனால்தான் அதைப் பூட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

லேப் போனால் வேறெங்கே பழகுவது என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். கணக்குப் படிப்பவருக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். எங்கள் படிப்பில் ஒரு சர்வருக்குள் எப்படி நுழைகிறார்கள் என்று செய்து பார்க்காமல், அதை எப்படித் தடுப்பது என்று கற்க முடியாது. அதை அடுத்தவர் கணினியில் செய்து பார்க்கவும் முடியாது. அனுமதியில்லாமல் நுழைந்தாலே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு வரும். ஏமாற்றும் எண்ணம் இருந்தால் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பாடத்தை நடத்தியதே நீங்கள்தான். சட்டத்துக்கு உட்பட்டு நாங்கள் தட்டிப் பார்க்கக்கூடிய ஒரே கதவு உங்கள் விர்ச்சுவல் லேப்.

வீட்டிலேயே சொந்தமாக அமைத்துக்கொள்ளலாம் என்று உதவி மையத்தில் ஒருவர் சொன்னார். செய்து பார்த்தேன். இந்தப் பருவப் பயிற்சிக்குத் தாக்கும் கருவிகள் கொண்ட 'காலி' (Kali) லினக்ஸ் ஒன்று, பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி ஓடும் விண்டோஸ் சர்வர் ஒன்று, அதோடு இணைந்த ஒரு பயனர் கணினி, எல்லாவற்றின் லாக்கையும் திரட்ட இன்னொரு சர்வர் என நான்கு விர்ச்சுவல் கணினிகள் ஒரே லேப்டாப்புக்குள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். என் லேப்டாப்பின் நினைவகம் (ராம்) 8 ஜிபிதான். மூன்றாவதைத் தொடங்கும்போதே திரை உறைந்துவிடுகிறது. 32 ஜிபி உள்ள கணினி வாங்கும் வசதி இருந்தால் நான் வளையலை அடகு வைத்திருக்க மாட்டேன்.

சுற்றறிக்கையில் காரணமாகச் சொன்னது ஒரே வரி: 'பாதுகாப்புக் காரணங்களுக்காக'. இந்தத் துறை படிக்கும் எங்களிடமே அந்த வரியைச் சொல்வதால், துறையின் மொழியிலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு மணிக்கு மூடுவது பாதுகாப்பு ஆகாது. கடவுச்சொல்லைத் திருடியவன் மதியம் மூன்று மணிக்கும் நுழைவான். வி.பி.என். என்னும் பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக மட்டும் அனுமதியுங்கள், ஓ.டி.பி.யோ செயலிக் குறியீடோ கட்டாயமாக்குங்கள். ஒவ்வொரு மாணவரின் கணினிகளையும் தனித்தனி வலையில் பிரித்து வையுங்கள். லேபிலிருந்து வெளி இணையத்துக்குப் போகும் பாதையை மூடுங்கள். பயிற்சி முடிந்ததும் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பும்படி செய்யுங்கள். லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று விதித்ததை எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்தீர்களே, அந்த லாக் இருக்கும்போது இரவில் யார் என்ன செய்தார்கள் என்பது காலையில் தெரிந்துவிடாதா? காரணம் செலவு என்றால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள். அரை மணி நேரம் யாரும் தொடாத கணினியைத் தானாக அணைத்தாலே அதில் பெரும்பகுதி மிச்சமாகும்.

தாக்குகிறவர்கள் அலுவலக நேரம் பார்ப்பதில்லை என்பதும் உங்கள் பாடம்தான். வங்கதேச மத்திய வங்கியின் கணக்கிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலரைக் கொண்டுபோனவர்கள் தேர்ந்தெடுத்தது 2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகமெங்கும் பரவத் தொடங்கிய 2017 மே 12 ஒரு வெள்ளிக்கிழமை. தாக்குதலைக் கண்டால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிற விதி, நடு ராத்திரி இரண்டு மணிக்கும் பொருந்தும். இரவில் விழித்திருந்து வேலை பார்க்கப் போகிறவர்களை உருவாக்கும் படிப்பின் லேப் மாலை ஆறு மணிக்கு ஏன் பூட்ட வேண்டும்?

இனி சென்னைத் தேர்வு. வீரவநல்லூரிலிருந்து சென்னை 650 கிலோமீட்டருக்கு மேல். செவ்வாய் இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் சனிக்கிழமை காலைதான் திரும்ப ஜங்ஷனில் இறங்க முடியும். டிக்கெட், இரண்டு இரவு தங்க அறை, சாப்பாடு, ஆட்டோ, மூன்று நாள் சம்பளப் பிடித்தம், எல்லாம் சேர்த்து ஆறாயிரத்தைத் தாண்டுகிறது. என் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அது. எங்கள் கணினிப் பிரிவில் நானும் இன்னோர் அண்ணனும் இரண்டே பேர்தான். நான் மூன்று நாள் இல்லையென்றால் அவர் மூன்று நாளும் இரவு பகலாக இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வை நாங்கள் வீட்டிலிருந்தே, கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதுகிறோம். போன பருவம் என் மகள் தண்ணீர் குடிக்க அறைக்குள் வந்ததற்கே உங்கள் மென்பொருள் எச்சரிக்கை தந்தது, அவ்வளவு கண்காணிப்பு. செய்முறைத் தேர்வில் மட்டும் ஏன் எங்களை நம்ப முடியவில்லை? உண்மையில் அதில்தான் காப்பியடிப்பது கடினம். ஒவ்வொருவருக்கும் தனி இயந்திரம், அதற்குள் ஒளித்து வைக்கும் விடைக்குறியும் ஆளுக்கு வேறு வேறு, அடித்த கட்டளைகள் அத்தனையும் பதிவாகும். நேரில் கண்காணித்தே ஆகவேண்டும் என்றாலும் அதற்குச் சென்னைதான் வேண்டுமா? பாளையங்கோட்டையில் நூறாண்டு கண்ட கல்லூரிகள் இருக்கின்றன, அபிஷேகப்பட்டியில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. ஒரு சனி ஞாயிறுக்குக் கணினிக்கூடம் வாடகைக்குக் கேட்டால் கிடைக்காத ஊர் இல்லை இது.

தெற்கே ஒரு மாணவர் கூட்டம் இருக்கிறது என்பது உங்கள் நினைவில் இல்லையோ என்கிற வருத்தம் எனக்கு முதல் பருவத்திலேயே வந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை தத்தளித்தபோது ஒப்படைப்பு நாளைத் தள்ளி வைத்தீர்கள். நியாயம்தான், எங்கள் வகுப்பில் யாரும் முணுமுணுக்கவில்லை. நீங்கள் குறித்த புதிய நாள் டிசம்பர் 20. அந்த 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் வானம் உடைந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரு கரையும் கொள்ளாமல் போனது. ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள் ஆறு ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் எண்ணூறு பேரோடு சிக்கி நின்றது. நான் வீட்டுக்குப் போக வழியில்லாமல் மருத்துவமனையிலேயே இருந்தேன். தரைத்தளத்திலிருந்து சர்வர்களைக் கழற்றி, மூன்று பேராக மாடிக்குத் தூக்கினோம். ஜெனரேட்டருக்கு டீசல் எவ்வளவு மிச்சம் என்று மணிக்கொரு தரம் பார்த்தோம். வீட்டில் கரண்ட் இல்லை, போன் போகவில்லை. மகளும் மாமியாரும் எப்படி இருக்கிறார்கள் என்று இரண்டு நாள் எனக்குத் தெரியாது. 22-ஆம் தேதி டவர் கிடைத்ததும் உங்களுக்கு எழுதினேன். 'ஏற்கெனவே ஒருமுறை நீட்டிக்கப்பட்டுவிட்டது' என்று பதில் வந்தது. கிரிப்டோகிராஃபி ஒப்படைப்பில் பத்து மதிப்பெண் கழித்தீர்கள். அந்தப் பத்து மதிப்பெண்ணை நான் இப்போது திரும்பக் கேட்கவில்லை. சென்னையில் பெய்யும் மழைதான் உங்களுக்கு மழை என்று எங்களுக்குத் தோன்றியதை மட்டும் பதிவு செய்கிறேன்.

எங்கள் பகுதிக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று ஒரு பேராசிரியர் நேரலை வகுப்பில் விளையாட்டாகக் கேட்டார், 'படித்துவிட்டு எப்படியும் சென்னைக்கோ பெங்களூருக்கோதானே வரப் போகிறீர்கள்' என்று. அவருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன். மூன்றாம் பருவத்தில் அவரே பாடமாக நடத்திய கூடங்குளம் அணுமின் நிலையச் சம்பவம் எங்கள் மாவட்டத்தில் நடந்தது, ராதாபுரம் வட்டத்தில். 2019 செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் தெரிவித்து, அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்ட அந்தத் தீநிரல், நிர்வாகப் பணிக்கான வலையில் இணைந்த ஒரு பயனர் கணினியில் இருந்தது. உலைகளை இயக்கும் அமைப்பை அது தொடவில்லை என்று கழகம் சொன்னது. எங்களுக்கு அது தேர்வுக்கு வரும் ஐந்து மதிப்பெண் கேள்வி மட்டுமில்லை. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். தூத்துக்குடியில் துறைமுகம். கயத்தாறு வழியாகப் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலை. இவை அத்தனையும் கணினியில் ஓடுகின்றன. இவற்றைக் காக்க இந்த மண்ணிலேயே ஆள் வேண்டாமா?

பெரிய இடங்களை விடுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் 2022 நவம்பர் 23 அன்று கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேரில் முடங்கி, இரண்டு வாரம் போல் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதினார்கள். அங்கேயே அந்த நிலை என்றால், இரண்டே பேர் உள்ள எங்கள் கணினிப் பிரிவு என்ன ஆகும் என்று நினைத்து நான் தூங்காத இரவுகள் உண்டு.

போன வருடம் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஊருக்கே ஸார்வாள், காலையில் எங்கள் வீட்டு நடையில் வந்து நின்றார். கை நடுங்கியது. "ஏம்மா, சிபிஐன்னு சொல்லுதாம்மா. வீடியோவ அணைக்கக் கூடாதுங்கான். எங்கிட்ட இருந்தத எல்லாம் நேத்தே அனுப்பிட்டேன், இன்னும் கேக்கான்" என்றார். போன் அவர் சட்டைப்பையில் அப்போதும் இணைப்பில் இருந்தது. வாங்கி அணைத்தேன். இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்து, வங்கிக்கு அவரோடு போனேன். அனுப்பியதில் ஒரு பகுதியைத்தான் நிறுத்தி வைக்க முடிந்தது. முந்தின நாளே வந்திருந்தால் இன்னும் கிடைத்திருக்கும். வெட்கப்பட்டு ஒரு ராத்திரி முழுக்க யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அவர் காவல் நிலையத்துக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்த காரணம், 'அந்தப் பிள்ளை இதைப் படிக்கு' என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும் என்பதுதான். இப்படி ஊருக்கு ஒருவர் வேண்டும் ஐயா. அவர் உள்ளூரில் இருக்க வேண்டும், தமிழில் பேச வேண்டும், கதவைத் தட்டினால் திறக்க வேண்டும்.

அப்படி ஆகியிருக்க வேண்டிய இரண்டு பேரை நாம் ஏற்கெனவே இழந்துவிட்டோம். தென்மாவட்டத்து மாணவர்களாக நாங்கள் பதினொரு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தோம். சுற்றறிக்கை வந்த பிறகு ஒன்பது. ஒருவர் தூத்துக்குடியில் ஏற்றுமதி முகவர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்; மூன்று நாள் விடுப்புக்கு முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொருத்தி முக்கூடல்காரி. அவள் அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசில் மூன்று பருவம் கட்டணம் கட்டியவள், எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. வெப் செக்யூரிட்டிப் பயிற்சியில் நான் இரண்டு நாள் திணறிய ஓட்டையை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தவள். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். 'அக்கா, லேபும் இல்ல, சென்னைக்கும் என்னால போவ முடியாது, பெறவு எதுக்கு?' என்று எழுதிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இணையவழியில் பெறும் பட்டமும் வளாகத்தில் பெறும் பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 செப்டம்பரில் தெளிவாக்கியது. பட்டம் சமமாக இருக்க வேண்டுமானால் பயிற்சியும் சமமாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறேன், சலுகையாகக் கேட்கவில்லை.

விர்ச்சுவல் லேபைத் திங்கள் முதல் வெள்ளி வரை இரவு ஒரு மணி வரையிலும், சனி ஞாயிறு முழு நாளும் திறந்து வையுங்கள். அதுவும் வருகிற வாரத்திலிருந்தே, ஏனென்றால் பருவத்தில் மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இடம் தர முடியாது என்றால் முன்பதிவு முறை வையுங்கள். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு இடம் கிடைத்தாலும் நாங்கள் எடுத்துக்கொள்வோம். இழந்த மூன்று வாரத்துக்கு ஈடாகப் பயிற்சி ஒப்படைப்பு நாட்களை மூன்று வாரம் தள்ளுங்கள்.

செய்முறைத் தேர்வுக்குத் திருநெல்வேலியில் ஒரு மையம் அமையுங்கள், சனி ஞாயிறுகளில் நடத்துங்கள். இந்தப் பருவத்துக்குள் முடியாது என்றால், எழுத்துத் தேர்வைப் போலவே கேமரா கண்காணிப்பில் வீட்டிலிருந்து எழுத இந்த ஒருமுறை அனுமதியுங்கள்.

மாணவர் வசிக்கும் மாவட்டத்தில் வெள்ளத்துக்கோ புயலுக்கோ மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தால், அந்த மாணவருக்கான கடைசி நாள் தானாகவே நீளும் என்று விதியிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு மழைக்கும் நாங்கள் தனித்தனியாகக் கெஞ்சிக்கொண்டிருக்க முடியாது.

இந்தச் சுற்றறிக்கையால் நின்றுபோனவர்களை, மறுபதிவுக் கட்டணம் வாங்காமல், இதே பருவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களை நீங்களே அழையுங்கள்.

இதற்கான பதிலைப் புகார் எண்ணாக அனுப்பாமல், முடிவெடுத்தவர் கையெழுத்திட்ட கடிதமாக, தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாளுக்கு முன் அனுப்புங்கள். முக்கூடல் பெண்ணுக்கு நான் அதைக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
நான்காம் பருவ மாணவி,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்